கோடைக்கால விருந்தாளி வரத்து: மணிமுத்தாற்று ஐயர் வீடு ஒன்றை முன்வைத்து ஒரு நீரியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மணிமுத்தாறு அணையின் முழு உயரம் 118 அடி. இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று அதன் கணக்கு தினமும் காலைப் பேப்பரில் வந்துவிடுகிறது. அந்த அணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு குருமனைக்குக் கோடை விடுமுறையில் வந்து சேரும் விருந்தாளிகளின் வரத்துக்கும் இருப்புக்கும் வெளியேற்றத்துக்கும் மட்டும் இதுநாள்வரை கணக்கு கிடையாது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. அணைக்கு வரத்து குறையும் மாதத்தில் ஐயர் வீட்டுக்கு வரத்து கூடுகிறது என்பது முதல் முடிபு. அணைக்கு ஷட்டர் உண்டு, ஐயர் வீட்டுக்கு இல்லை என்பது இரண்டாம் முடிபு. வரத்தைத் தீர்மானிப்பது அருவியே என்னும் பொதுக்கருத்து முக்கால் பங்குதான் சரி என்பது மூன்றாம் முடிபு. அந்தக் கால் பங்கைத் தேடியதில்தான் கட்டுரை இவ்வளவு நீண்டது.

ஆய்வுக் களமும் முறையும்

திருநெல்வேலித் திருமண்டலத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் சேகர குருவை ஜனங்கள் ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கும் குருமனை ஐயர் வீடு. நாம் எடுத்துக்கொண்ட வீடு, கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாற்றுக்குப் போகிற பக்கம் இருக்கிறது. முன்னால் கோயில், பின்னால் வேப்பமரம், அதற்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. வீடு ஐயருக்குச் சொந்தமில்லை, சபை கொடுத்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே உறவினர்கள் அதைத் தங்கள் வீடாகவே பாவிப்பதில் தர்க்கப் பிழை காண முடியாது. ஐயருக்கே சொந்தமில்லாத வீட்டில் ஐயர் மட்டும் எப்படி உரிமை கொண்டாடலாம்?

தலைகளை நேரடியாக எண்ணுவது சாத்தியப்படவில்லை. பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. எனவே கோயில் ஊழியரான கோயில்குட்டி கையாண்டுவந்த செருப்பு முறையையே ஆய்வும் ஏற்றுக்கொண்டது. இரவு எட்டரை மணிக் குடும்ப ஜெபத்தின்போது வாசல்படியில் கிடக்கும் ஜோடிகளை எண்ணி, ஐயர் வீட்டாருடையதைக் கழித்தால் அன்றைய நிகர இருப்பு கிடைக்கும்.

ஆய்வுப்பொருளோடு தமக்குத் தொடர்பு ஏதும் உண்டா என்பதை ஆய்வாளர் அறிவித்துவிடுவது அறிவுலக மரபு. உண்டு. இவ்வாய்வாளர் ஐயரம்மாவின் கடைசித் தம்பி. ஆய்வுக் காலம் முழுவதும் தங்குமிடம், சாப்பாடு, துண்டு ஆகியவற்றை ஆய்வுப்பொருளே வழங்கியது. இது முடிபுகளை எவ்வகையிலும் பாதிக்கவில்லை, சொதி வைத்த நாட்கள் நீங்கலாக.

முன்னோடிகள்

கோடைக்கு மலையேறுவது நம் திருச்சபைகளுக்குப் புதிதன்று. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்தபிறகு, முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன்பின் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு மலை உயிர்ப்பிச்சை. உல்லாசம் பிற்பாடு வந்தது.

நெல்லைச் சீமையின் பெரிய பெயரான கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டு, வழியில் நீலகிரியையும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார். வேலை செய்த ஊர் மணற்காட்டு இடையன்குடி. 1891 ஆகஸ்ட் 28இல் உயிர் பிரிந்தது கொடைக்கானலில். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலில் அடக்கம் செய்தார்கள். இவ்விரு முன்னோடி நேர்வுகளிலும் ஒரு குறை உண்டு. மலையேறியவர்கள் நேராக மலைக்குப் போனார்கள். வழியில் இறங்கி, ‘அக்கா, ஒரு காபி’ என்று கேட்க அடிவாரத்தில் அவர்களுக்கு அக்கா இல்லை.

நமக்கு நெருங்கிய முன்னோடி டோனாவூர். மணிமுத்தாற்றுக்குத் தெற்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், ஏமி கார்மைக்கேல் கைவிடப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த இடம். அத்தனை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவது நடக்கிற காரியமா? 1917இல் பக்கத்து மலையிலேயே ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு வாங்கப்பட்டது. கிரே ஜங்கிள் என்று அதற்குப் பெயர். அங்கே ஒரு வீடு எழுந்தது; பிள்ளைகள் அணியணியாகப் போய்த் தங்கினார்கள், ஓடையில் குளித்தார்கள். ஒரு பெரிய திருச்சபைக் குடும்பம், ஒரு மலை, தண்ணீரைக் கண்டால் நிற்காத பிள்ளைகள் என்று எல்லாக் கூறுகளும் நம் ஆய்வோடு பொருந்துகின்றன. வேறுபாடு ஒன்றுதான். டோனாவூரில் குடும்பமே மலைக்குப் போனது. மணிமுத்தாற்று ஐயர் வீட்டில் குடும்பத்துக்கு வந்தவர்கள் மலைக்குப் போகிறார்கள். குடும்பம் புளிச்சோறு கிளறுகிறது.

ஏன் மே?

பள்ளிக்கூடத்துக்கு லீவு, அக்னி நட்சத்திரம், பாளையங்கோட்டையில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயில் என்பன யாவரும் அறிந்த காரணங்கள். அறிஞர் கவனிக்கத் தவறிய காரணங்கள் இரண்டு.

முதலாவது லெந்து. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. தேங்கி நின்ற கல்யாணங்கள் அத்தனையும் ஈஸ்டர் முடிந்ததும் திறந்துவிடப்படுகின்றன. கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர்கள் ‘இவ்வளவு தூரம் வந்துட்டு ஐயர் வீட்டை எட்டிப் பாக்காம போனா என்ன நினைப்பாவ’ என்று கவலைப்படுகிறார்கள். ஐயர் வீட்டார் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இரண்டாவது குற்றாலம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் மலையைத் தாண்டி எட்டிப் பார்த்தால்தான் அங்கே சாரல். மே மாதத்தில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். மணிமுத்தாறு அருவியிலும் பாபநாசத்து அகஸ்தியர் அருவியிலும் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். குற்றாலம் காய்ந்தால் சீமையிலுள்ள அத்தனை பேருக்கும் இந்தப் பக்கத்து உறவு ஞாபகம் வருகிறது. ஏப்ரல் கடைசியில் வரும் தொலைபேசி அழைப்புகளின் அமைப்பு இதை உறுதிசெய்யும்:

“என்ன மைனி, நல்லாருக்கியளா? அண்ணன் நல்லாருக்காவளா? ஒண்ணுமில்ல, சும்மாதான் போன் போட்டேன். அங்கன அருவியில தண்ணி விழுதா?”

முதல் மூன்று வாக்கியங்களும் தோரண வாயில். செய்தி நாலாவதில் இருக்கிறது. “விழுது, வாங்க” என்று ஐயரம்மா சொல்லும் இரண்டு சொற்களே ஒப்பந்தமாகக் கொள்ளப்படுகின்றன.

இனி அணையோடு ஒப்பிடுவோம். மணிமுத்தாறு அணை பெருகுவது வடகிழக்குப் பருவமழையில்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்த இடம் என்று நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய பெயர்கள் மாறி மாறிப் பேப்பரில் வரும். நான்கும் இதே மலைமேல்தான். அப்போது அருவியில் வெள்ளம் பாயும். வனத்துறை குளிக்கத் தடை போடும். ஐயர் வீட்டுப் பக்கம் ஒருவரும் தலைகாட்டமாட்டார்கள். மே மாதத்தில் அணையில் பாறை தெரியும், ஐயர் வீட்டில் தரை தெரியாது.

முன்னறிவிப்புக் காலமும் சுருங்கிவிட்டது. ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு அவகாசத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்த கையோடு செய்தி சொல்பவர்கள் முன்பு ஜனவரியிலேயே சொல்லிவிடுவார்கள். மிளகாயும் புளியும் வாங்கிப்போட நேரம் இருக்கும். இப்போது வெள்ள அபாய எச்சரிக்கை மார்ச்சில்தான் கிடைக்கிறது.

விருந்தாளி வகைப்பாடு

செருப்புகளை நுணுகி ஆராய்ந்ததில் ஐந்து வகை தேறின.

முதலாவது இரத்த வகை. ஐயரின் தங்கை குடும்பம், ஐயரம்மாவின் அண்ணன் குடும்பம் முதலியன. சென்னை, பெங்களூருவிலிருந்து வருவன. அல்வாச் சீமைக்கு மைசூர்பாகு வாங்கி வருவது இவற்றின் அடையாளம். திரும்பும்போது முதலூர் மஸ்கோத் அல்வா கேட்கும். முதலூர் 1799இல் எழும்பிய கிறிஸ்தவக் குடியிருப்பு, நெல்லைச் சீமையில் முதலாவது; தேங்காய்ப்பாலில் கிண்டும் அந்த அல்வாவுக்கும் பேர்போனது. அது சாத்தான்குளத்துப் பக்கம், மணிமுத்தாற்றுக்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது என்று சொன்னால், “பைக்ல போனா எவ்வளவு நேரமாவும் அத்தான்?” என்பதே பதில்.

இரண்டாவது பழைய சேகரத்து வகை. ஐயர் முன்பு ஊழியம் செய்த ஊர்க்காரர்கள். வேன் பிடித்து வருவார்கள். ‘ஐயா’, ‘அம்மா’ என்பதற்குமேல் உரிமை எடுக்கமாட்டார்கள். முருங்கைக்காய், கருப்பட்டி, தேங்காய் என்று மூட்டை இறக்கி, தாங்கள் கட்டிக்கொண்டுவந்த சோற்றிலும் ஐயர் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி கொடுத்து, சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். வரத்தும் வெளியேற்றமும் ஒரே நாளில் சமப்படும் வகை இது ஒன்றுதான்.

மூன்றாவது ஊழிய வகை. வாலிபர் சங்கம், பாடகர் குழு, கன்வென்ஷன் முடித்துத் திரும்பும் பிரசங்கியார். ‘ஒரு பாய் போதும் ஐயா’ என்று எளிமையோடு தொடங்கி, இரவு பத்து மணிக்குள் தலையணை, போர்வை, கொசுவத்தி, சார்ஜர், காலையில் வெந்நீர் என்று படிப்படியாக வளரும்.

நாலாவது கடல்கடந்த வகை. துபாய், மஸ்கட் வாசிகள். பால்பவுடரும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர்கள் என்றாலும், இப்போது அந்தத் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீர் குடிப்பார்கள்.

ஐந்தாவது ஐயப்பாட்டு வகை. இதில் இருப்பவர் ஒருவரே. நரைத்த மீசை, துணிப்பை, மே மாதத்திலும் குடை. முதல் வருஷம் வந்தபோது ஐயர் அவரை மனைவியின் தாய்வழி என்று நினைத்து உபசரித்தார். ஐயரம்மா அவரைத் தன் மாமனாரின் சொந்தம் என்று நினைத்து மீன்குழம்பு வைத்தாள். உண்மை ஓரிரவு விளக்கணைத்தபின் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டபோது வெளிப்பட்டது. அதற்குள் அவர் மூன்று முறை வந்து போயிருந்தார். “நீங்க யாரு?” என்று கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது. பிள்ளைகள் அவரை மாமா என்கிறார்கள். அருவிக்குப் போகும் வண்டியில் இடமில்லையென்றால் முதலில் இறங்கி நிற்பவர் அவர். வீட்டில் இருந்து உள்ளி உரித்துக் கொடுப்பார்.

கொள்ளளவு

மணிமுத்தாறு அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 5,500 மில்லியன் கனஅடி. ஐயர் வீட்டு மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி ஆயிரம் லிட்டர். அணை வற்ற மாதங்கள் பிடிக்கும். தொட்டி காலை எட்டு மணிக்குள் வற்றும். எட்டேகாலுக்குக் குளியலறையிலிருந்து “அத்தே, தண்ணி நின்னு போச்சு” என்று சோப்பு நுரையோடு எழும் குரல் மே மாதத்தில் இங்கே கோயில் மணிக்கு அடுத்தபடியாக நேரம் தவறாதது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பத்துக் குறளிலும் குளியலறை பற்றிய குறிப்பில்லை.

பகல் நேர அழுத்தத்தைத் தணிக்க ஐயர் வீட்டுக்கு இருக்கும் ஒரே மதகு வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி. 1898இல் நியூயார்க்கில் ஒரு மருத்துவரின் மனைவி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக வாடகைக்கு ஒரு மதுக்கூடத்தைப் பிடித்து இதைத் தொடங்கினார் என்பது வரலாறு. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது அதன் வெளிப்படையான நோக்கம். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை வீட்டைவிட்டு வெளியே இருக்கும் என்பது அதன் உள்நோக்கம். பெங்களூருவிலிருந்து இரவு வந்து இறங்கிய பிள்ளை, காலையில் பல் துலக்கி முடிக்குமுன் பெயர் பதிவாகி, நெஞ்சில் அட்டை குத்தப்பட்டு, ஆக்‌ஷன் பாட்டுக்குக் கை தூக்கிக்கொண்டிருக்கும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஐயரம்மா மத்தியானச் சாப்பாட்டை முடிக்கிறாள்.

மலைப்பயண இயக்கவியல்

விதி ஒன்று: காலை ஆறு மணிக்குக் கிளம்புவதென்று முந்தின இரவு ஒருமனதாகத் தீர்மானித்தால், வண்டி பத்தரைக்கு நகரும். ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்று ஒருவர் முன்மொழிந்து பார்த்தார். அன்றைக்குப் பதினொன்றானது.

விதி இரண்டு: புறப்பாட்டு ஜெபத்தின் நீளம் போகவேண்டிய தூரத்தைப் பொறுத்ததன்று, வளைவுகளைப் பொறுத்தது. குற்றாலத்துக்குப் போக ஒரு நிமிஷ ஜெபம் போதும். மாஞ்சோலை என்றால் வயதில் மூத்தவர் கண்ணை மூடி, டிரைவர், பிரேக், டயர், எதிரே வரும் ஊத்து பஸ், யானை, சிறுத்தை என்று வரிசையாக ஒப்புக்கொடுப்பார். பின்சீட்டுப் பிள்ளைகள் இடையில் இரண்டு தடவை ஆமென் சொல்லிப் பார்க்கும். பலிக்காது.

விதி மூன்று: எட்டுப் பேர் வண்டியில் பன்னிரண்டு பேர் ஏறலாம், ஆனால் பதின்மூன்றாவது ஆள் ஏறும்போதுதான் “இடம் இல்லையே” என்ற பேச்சு எழும். அந்தப் பதின்மூன்றாவது ஆள் எப்போதும் ஐயரம்மாதான். “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை கிடக்கு” என்பாள். அதை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் யாராவது இறங்க வேண்டும். துணிப்பை மாமா ஏற்கெனவே இறங்கிவிட்டார்.

கட்டுச்சோறு பற்றி ஒரு குறிப்பு. அது புளிச்சோறுதான். வெயிலில் மத்தியானம்வரை கெடாமல் நிற்கப் புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் துணை. கூட வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்குப் பொரியல், துவையல். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. போதாக்குறைக்கு இது 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் வாசல். சோதனைச்சாவடியில் வனக்காவலர் பையைத் திறந்து பார்ப்பார். ஆகவே வாழையிலை. இலையை அறுத்து, துடைத்து, சுருட்டிக் கட்டுவது யார் என்ற கேள்விக்கு மூன்றாம் விதியிலேயே விடை இருக்கிறது.

அருவியில் நிகழ்வன சுருக்கமாக: தண்ணீர் குளிரும். குரங்கு முட்டையைத் தூக்கும். கண்ணாடி ஒன்று தண்ணீரோடு போகும். சித்தப்பா ஒருவர் ‘இதெல்லாம் என்ன, நாங்க சின்னப் பிள்ளையில...’ என்று தொடங்குவார். ஈரத் துண்டுகள் எண்ணிக்கையில் குறைந்து வீடு திரும்பும்.

மாஞ்சோலைக் குறிப்பு

அருவியோடு நின்றுவிடாமல் மாஞ்சோலைவரை போகும் நாள் அபூர்வம். வனத்துறை அனுமதி வேண்டும், வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, புலிக் கணக்கெடுப்பு நடந்தால் வழியே அடைபடும். மேலே போனவர்களை அட்டை கடிக்கும். ‘என்னை அட்டை கடிச்சதே இல்ல’ என்றவரை முதலில் கடிக்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும் என்பது இயற்பியல். பாளையங்கோட்டையில் நாற்பது என்றால் மேலே முப்பத்து மூன்றரை. இவ்வளவுக்கே ‘ஆ, என்ன குளுமை’ என்று உடம்பு சிலிர்ப்பானேன்? மிச்சக் குளிர்ச்சி காற்றில் இல்லை. அன்றைக்கு வீட்டு வேலை இல்லை என்பதில் இருக்கிறது.

தேயிலைச் சரிவைப் பார்த்ததும் ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒருவர் தவறாமல் சொல்லும் வாசகம்: “இங்கேயே இருந்துரலாம் போல இருக்கு.” போலி ஆய்வானாலும் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு 1929இல் பாம்பே பர்மா கம்பெனி எடுத்தது. குத்தகை 2028இல் முடிகிறது. கம்பெனி அதற்கு முன்பே, 2024இல், தோட்டத்தை மூட முடிவுசெய்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து, அங்கேயே பிறந்து, அங்கேயே அடக்கமான ஜனங்கள் அவர்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்று உண்மையிலேயே நினைத்தவர்களைக் கீழே இறங்கச் சொல்லியாயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக இறங்கிவிடப் போகிறவர்கள்தான் அந்த வாசகத்தை இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சாராள் சிக்கல்

விருந்துக்கு வேதாகமத்தில் மேற்கோள் காட்டும்போது எல்லாரும் ஆபிரகாமைக் காட்டுவார்கள். கூடார வாசலில் உட்கார்ந்திருந்தவர் மூன்று பேரைக் கண்டதும் ஓடிப்போய் வணங்கி அழைத்தார். அந்நியரை உபசரித்துச் சிலர் தங்களுக்கே தெரியாமல் தேவதூதரை உபசரித்ததாக எபிரெயர் நிருபமும் சொல்கிறது. இரத்த வகை விருந்தாளி ஒருவர் சாப்பாட்டு மேஜையில் இதை நினைவூட்டியபோது, ஐயரம்மா அடுப்படியிலிருந்தே இரண்டு விளக்கங்கள் அளித்தாள். அவை வேத வியாக்கியானத்துக்குப் புதியவை என்பதால் இங்கே பதிவுசெய்யப்படுகின்றன.

“ஆபிரகாம் ஓடிப்போய்க் கூப்பிட்டாவ, சரி. மூணு படி மாவ சீக்கிரம் பிசைன்னு உள்ள வந்து யார்ட்ட சொன்னாவ? சாராள்ட்ட. அவ கடைசி வரைக்கும் கூடாரத்துக்குள்ளதான் நின்னா.”

சற்று நேரம் கழித்து: “இன்னொண்ணு, அந்த மூணு பேரும் அன்னைக்கே கிளம்பிட்டாவ.”

மே மாதத்தில் ஐயர் மார்த்தாள்–மரியாள் பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குக.

எதிர்ச் சோதனை

வரத்துக்குக் காரணம் அருவி மட்டும்தானா? இதைச் சோதிக்க ஒரு சனிக்கிழமை வாய்ப்புக் கிடைத்தது. இரத்த வகையைச் சேர்ந்த சென்னை மைனிக்கு மனச்சாட்சி உறுத்தியோ என்னவோ, “இன்னைக்கு நாங்க சமைக்கோம், நீங்க எல்லாரும் அருவிக்குப் போயிட்டு வாங்க” என்று அறிவித்தாள். ஐயர், ஐயரம்மா, பிள்ளைகள் மட்டும் ஒரு வண்டியில் ஏறினார்கள். அந்த ஊருக்கு வந்தபின் ஐயர் வீட்டார் மட்டும் தனியே அருவிக்குப் போவது அதுவே முதல் முறை. எதிர்பார்த்த விளைவு: விருந்தாளிகள் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், அவர்கள்தான் ஏற்கெனவே அருவியைப் பார்த்துவிட்டார்களே.

கிடைத்த விளைவு வேறு. ஐயரம்மா காலை நனைத்து ஒரு பாறையில் உட்கார்ந்ததுதான் தாமதம், பின்னாலேயே இரண்டு ஆட்டோக்களில் மொத்தக் கூட்டமும் வந்து இறங்கியது. உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்பது முதலில் சொன்ன காரணம். துருவித் துருவிக் கேட்டபோது, “நீங்க இல்லாம வீடு என்னமோ போல இருந்துச்சு மைனி” என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கல்லிடைக்குறிச்சி ஹோட்டலுக்குப் போனார்கள். பில்லை யார் கொடுப்பது என்று அத்தான்மார் ஒருவர் சட்டைப்பையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த இடைவெளியில் ஐயர் கொடுத்தார்.

கால் பங்குக்கான முதல் தடயம் இது. ஆனால் ஒரே நேர்வை வைத்து விதி வகுப்பது ஆய்வு நெறியன்று.

இயற்கைச் சோதனையும் முடிபும்

விஞ்ஞானிகள் கனவு காணும் சோதனையை மேலிடமே ஏற்பாடு செய்துகொடுத்தது. ஐயருக்கு மாற்றல் வந்தது. புதிய சேகரம் கிழக்கே, தேரிக்காட்டு ஓரம்: செம்மணல், பனை, உடைமரம், அனல்காற்று. குடும்பம் அதே, சமையல் அதே, பாசம் அதே. மாறியது ஒன்றே ஒன்று: அருவி இல்லை.

ஏப்ரல் கடைசியில் தொலைபேசி மணி அடித்தது. நலம் விசாரித்தார்கள். நாலாவது வாக்கியம் வந்தது: “புது ஊர்ல தண்ணி வசதியெல்லாம் எப்படி மைனி?” கிணறு இருக்கிறது, கொஞ்சம் உவர்ப்பு என்றாள் ஐயரம்மா. பிள்ளைகளுக்கு ஸ்விம்மிங் கிளாஸ் சேர்த்திருப்பதால் இந்த வருஷம் வருவது கஷ்டம் என்றார்கள். இரத்த வகை பெருமளவு வற்றியது. ஊழிய வகை சாரல் உள்ள வேறொரு சேகரத்துக்குத் திசை மாறியது. கடல்கடந்த வகை பாலைவனத்திலிருந்து இன்னொரு மணற்காட்டுக்கு வர விரும்பவில்லை. அருவியே காரணம் என்பது நிரூபணமாயிற்று என்று ஆய்வாளர் பேனாவை மூடப்போன சமயத்தில், வாசலில் செருப்புகள் தென்பட்டன.

மணிமுத்தாற்றுப் பக்கத்துச் சபையார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் இப்போது பழைய சேகரத்து வகை ஆகிவிட்டார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு, வாழைத்தார், ஒரு தூக்குச்சட்டி சோறு. சாயங்காலமே கிளம்பினார்கள். மறுவாரம் சென்னை மைனி மட்டும், பிள்ளைகளை விட்டுவிட்டு, தனியே வந்து நாலு நாள் இருந்தாள். பதநீர் குடித்தாள், நுங்கு தின்றாள், இரண்டு பேரும் திண்ணையில் காலை நீட்டி இரவு பன்னிரண்டுவரை பேசினார்கள். அந்த நாலு நாளும் உப்பு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, அருவி இல்லாத ஊருக்கும் வருகிறவர்களே கால் பங்கு. மற்ற முக்கால் பங்கு சீசன் வெள்ளம். இரண்டையும் பிரித்தறிய மாற்றல் ஒன்றே கருவி என்பதால், உறவின் உண்மையான நீர்மட்டம் அறிய விரும்பும் எந்தக் குடும்பமும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வறண்ட ஊர் ஒன்றில் குடியிருந்து பார்ப்பது நலம் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

மே மாதக் கடைசி வாரம், நடு மத்தியானம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து அனல்மணலில் நடந்து, குடை பிடித்தபடி துணிப்பை மாமாவும் வந்து சேர்ந்தார். புது முகவரியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஐயர் மனைவியைப் பார்த்தார், மனைவி ஐயரைப் பார்த்தாள். பிறகு ஐயரம்மா மீன் வாங்க ஆளனுப்பினாள். அவர் சொந்தக்காரர்தான் என்பது இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. எந்தப் பக்கத்துச் சொந்தம் என்பதை மட்டும் இனி வரும் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கட்டும். கேட்கக் கூடாது என்று ஐயரம்மா சொல்லியிருக்கிறாள்.